கிறுகிறுப்புக்குக் கழுத்தைத் திருகலாமா?

சேலம் சீமையிலும் நாமக்கல் வட்டாரத்திலும், அறுபது வயதைக் கடந்த ஒருவர் விடியற்காலையில் கட்டிலைவிட்டு எழும்போது தலை கிறுகிறுத்துத் தள்ளாடினார் என்றால், அதற்கு வீட்டார் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: ஒன்று பித்தம், மற்றொன்று கழுத்தெலும்புத் தேய்மானம். பித்தம் என்று தீர்மானம் ஆகிவிட்டால் எலுமிச்சம்பழச் சாறும் இஞ்சியும் அடுக்களையிலிருந்து வருகின்றன. தேய்மானம் என்று தீர்மானமானாலோ, கழுத்துப் பட்டை வாங்கி மாட்டுவதும், சுளுக்கு வழிப்பவரைத் தேடிப் போவதும், முடி திருத்தும் கடையில் கழுத்தை இப்புறமும் அப்புறமும் வெடுக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வதும் நடைபெறுகின்றன. அண்மைக் காலத்தில் இவற்றோடு ‘கைரோபிராக்டிக்’ என்னும் மேல்நாட்டுக் கைச்சிகிச்சையும் சேர்ந்துகொண்டது. நோயாளியை மேசையில் கிடத்தி, ஒரு க்ஷணத்தில் கழுத்தைத் திருகி, படக்கென்ற ஓசை எழுந்ததும் அவர் சுகம் கண்டு புன்னகைக்கும் காட்சிகளைக் கைபேசியில் பார்க்கும் பிள்ளைகள், ‘நம் அப்பாவையும் ஒருமுறை அழைத்துப்போனால் என்ன?’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோரிடம் கொண்ட அன்பினால் எழும் கேள்வியாதலால் அதற்குப் பொறுப்பாக விடை கூறவேண்டியது அவசியம்.

அந்த விடையைச் சுருக்கமாக முன்னரே சொல்லிவிடலாம். தலைசுற்றல் என்பது ஒரு வியாதி அன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. காரணம் இன்னதென்று அறியாமல் முதியவரின் கழுத்தில் எவரும் கைவைக்கலாகாது. காரணம் அறிந்துவிட்டாலோ, முதுமையில் வரும் தலைசுற்றல்களில் மிகச் சாதாரணமான ஒன்றைக் கழுத்தை முறிக்காமல், தலையை மெல்லத் திருப்பியே சில நிமிஷங்களில் குணப்படுத்திவிட முடியும்.

மனித சரீரம் இரண்டு பாதங்களின் மேல் நிலைகுலையாது நிற்பதென்பது, மூன்று இடங்களிலிருந்து இடையறாது வரும் செய்திகளை மூளை ஒப்புநோக்கிச் சரிபார்ப்பதன் பலனாகும். கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. பாதங்களின் தோலும், கணுக்கால், முழங்கால், கழுத்து முதலிய மூட்டுகளும் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிவிக்கின்றன. செவியின் உட்பகுதியில், கபாலத்தின் கடினமான எலும்புக்குள்ளே புதைந்திருக்கும் நுண்ணிய உறுப்பு, தலை எத்திசையில் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அறிவிக்கிறது. ஒவ்வொரு செவியிலும் அரைவட்ட வடிவான மூன்று குழாய்கள் உள்ளன; கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தில் நீர்மம் நகர்ந்து சாய்வைக் காட்டுவதுபோல, இக்குழாய்களில் உள்ள நீர்மம் நகர்ந்து தலையின் சுழற்சியை மூளைக்குக் காட்டுகிறது. அவற்றை அடுத்துள்ள சிறு பைகளிலே சுண்ணாம்புச் சத்தாலான நுண்துகள்கள் ஒரு மெல்லிய படலத்தின்மேல் பதிந்திருந்து, தலை சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வயது ஏறஏறக் கண்ணில் புரை விழுகிறது. நீரிழிவினால் பாதங்களின் உணர்ச்சி மங்குகிறது. தொடைத் தசைகள் மெலிகின்றன. செவியிலுள்ள அத்துகள்களும் படலத்தைவிட்டு உதிரத் தலைப்படுகின்றன. எனவே, முதியவர் ஒருவரின் தள்ளாட்டத்துக்கு ஒரே காரணத்தைத் தேடுவதைவிட, கூடிநிற்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதே விவேகமான மார்க்கம்.

முதலில், அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மருமகளோடு மருத்துவமனைக்கு வரும் ஒரு பாட்டி, “கட்டல்ல திரும்பிப் படுத்தா ஊடே சுத்துதுங்க, சாமி, கண்ணத் தொறக்க முடியறதில்லைங்க” என்று சொன்னால், அது ஒரு வகை. “உக்காந்து எந்திரிச்சாக் கண்ணு இருட்டுதுங்க” என்று சொன்னால், அது முற்றிலும் வேறு வகை. “படுத்தாலும் உக்காந்தாலும் ஒண்ணுமில்லைங்க, நடந்தாத்தான் கால் நெலைக்க மாட்டேங்குது” என்றால், அது மூன்றாவது வகை. “அத்தைக்குப் பித்தமுங்க” என்று மருமகள் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிட்டாலும், மருத்துவர் அப்படிச் செய்யமாட்டார். ஏனெனில் முதலாவது பெரும்பாலும் செவியைச் சேர்ந்தது, இரண்டாவது ரத்த அழுத்தத்தைச் சேர்ந்தது, மூன்றாவது கால்களையும் நரம்புகளையும் சிறுமூளையையும் சேர்ந்தது.

முதல் வகையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். செவியிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் தம் இடத்தைவிட்டு உதிர்ந்து, அரைவட்டக் குழாய்களுள் ஒன்றினுள் புகுந்துவிடுகின்றன; பெரும்பாலும் அது பின்புறக் குழாயாக இருக்கும். அதன் பின்னர், படுக்கையில் புரளும்போதோ, பரண்மேல் உள்ள பாத்திரத்தை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதோ அத்துகள்கள் நகர்ந்து நீர்மத்தையும் இழுக்க, தலை நின்றுவிட்ட பிறகும் அது சுழன்றுகொண்டே இருப்பதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. உலகமே சுற்றுகிறது, குமட்டுகிறது, ஆனால் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. வேதனை மிகுதியாயினும் உயிருக்கு அபாயமற்றது இது.

இந்த உண்மை ஒரு நாளில் தெரிந்ததன்று. வியன்னா நகரத்துச் செவி மருத்துவர் ராபர்ட் பாரனி என்பவர், நோயாளிகளின் காதைக் கழுவும்போது குளிர்ந்த நீர் பட்டால் ஒரு பக்கமாகவும் வெந்நீர் பட்டால் மறுபக்கமாகவும் அவர்களுடைய கண்கள் துடிப்பதைக் கவனித்து, அதிலிருந்தே உட்செவியின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றபோது, அவர் முதல் உலக யுத்தத்தில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார். 1952இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற லண்டன் மருத்துவர் இருவர், படுக்கை ஒன்றின் உதவியால் மட்டுமே இந்நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை விவரித்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜான் எப்லி என்ற மருத்துவர், உதிர்ந்த துகள்களைத் தலையின் அசைவினாலேயே வெளியேற்றிவிடலாம் என்று கண்டு, முதலில் நம்ப மறுத்த சக மருத்துவர்களிடையே பல்லாண்டுகள் போராடி, 1992இல் தம் முறையை விரிவாக வெளியிட்டார். இன்று உலகமெங்கும் கையாளப்படுவது அம்முறையே.

அதைச் செய்யும் விதம் இது. பாட்டியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, நோயுள்ள காதின் பக்கம் தலையை 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழுமாறு மருத்துவர் தம் இரு கைகளிலும் தாங்கிக்கொள்கிறார். இரண்டொரு விநாடி ஒன்றும் நிகழ்வதில்லை. பின்பு பாட்டியின் விழிகள் தாமாகவே சுழன்று துடிக்கின்றன. அவர் அலறி, பக்கத்திலிருப்பவரின் கையை இறுகப் பற்றுகிறார். விழிகள் எத்திசையில் துடிக்கின்றன என்பதிலிருந்தே எந்தக் குழாயில் துகள் உள்ளது என்பது தெரிந்துவிடுகிறது. துடிப்பு அடங்கியபின், தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி ஏறக்குறைய ஒரு நிமிஷம் வைத்திருக்கிறார். அடுத்து, பாட்டியை அப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச்செய்து, முகம் தரையை நோக்குமாறு திருப்பி இன்னும் ஒரு நிமிஷம் வைத்திருக்கிறார். இறுதியில் பக்கவாட்டாகவே எழுப்பி உட்காரவைக்கிறார். குழாயின் வளைவைச் சுற்றிவந்த துகள்கள் மறுபடியும் பைக்குள் விழுந்துவிடுகின்றன. ஊசியில்லை, ஔஷதமில்லை, கழுத்தில் படக்கென்ற ஓசையும் இல்லை. ஒன்று முதல் மூன்று முறை செய்வதற்குள் பெரும்பாலோர்க்கு நிவாரணம் கிடைத்துவிடுகிறது. மாதங்கள் பல கழித்துத் திரும்ப வருவதும் உண்டு. வந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

இவ்வளவு எளிய பரிகாரம் இருக்க, நம் நாட்டில் எத்தனையோ முதியவர்கள் ‘மயக்க மாத்திரை’யை ஆண்டுக்கணக்கில் விழுங்கிவருகிறார்கள் என்பது வருந்தத்தக்கது. புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் முதலிய மாத்திரைகள் கடுமையான தலைசுற்றலையும் வாந்தியையும் சில நாட்களுக்குத் தணிக்க உதவுபவை. செவிக்குழாயில் கிடக்கும் துகளை அவை வெளியேற்றமாட்டா. நாள்பட உண்டால், மூளை தானாகவே சமநிலையைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலை மந்தப்படுத்துவதோடு, சில முதியவர்களுக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கி, தள்ளாட்டத்தை அதிகப்படுத்தியும் விடுகின்றன.

இரண்டாவது வகையான கண்ணிருட்டலுக்கு வேறு பரிசோதனை உண்டு. ஐந்து நிமிஷம் படுத்திருந்தபின் ரத்த அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்ற முதல் நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் மீண்டும் அளக்கவேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கிவிட்டால், நிற்கும்போது மூளைக்குப் போதிய ரத்தம் ஏறவில்லை என்பது நிச்சயம். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோ, இவற்றின் சேர்க்கையோ இதற்குக் காரணமாகக்கூடும். சித்திரை வைகாசி வெயிலில் மரவள்ளிக் காட்டிலோ நிலக்கடலைக் காட்டிலோ தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு வரும் பெரியவருக்கும் இதே நிலை நேரும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனிக் கழுத்துக்கு வருவோம். கைரோபிராக்டிக் என்ற முறையை 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் டேவன்போர்ட் நகரில் தோற்றுவித்தவர் டேனியல் டேவிட் பாமர் என்பவர். காந்த சிகிச்சை செய்துவந்த அவர், காது மந்தமாயிருந்த ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தியபோது அவருக்குக் காது கேட்கலாயிற்று என்று கூறி, ஏறக்குறைய சகல வியாதிகளுக்கும் முதுகெலும்புகள் இடம் பிசகுவதே மூலகாரணம் என்ற சித்தாந்தத்தை வகுத்தார். கேள்வி நரம்பும் சமநிலை நரம்பும் உட்செவியிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குச் செல்பவை. அவை கழுத்தெலும்பின் வழியாகவோ முதுகெலும்பின் வழியாகவோ செல்வதே இல்லை. ஆகவே, கழுத்தைத் திருகுவதால் செவியினுள் இருக்கும் துகள் தன் இடம் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பதற்குச் சரீர சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. பாமரின் பழைய சித்தாந்தத்தைக் கைவிட்டு, முதுகுவலி கழுத்துவலிகளுக்கு மட்டும் சிகிச்சை செய்வோரும், எப்லி முறையைக் கற்றுச் செய்வோரும் இக்காலத்து கைரோபிராக்டிக் வைத்தியர்களுள் இருக்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

கழுத்திலிருந்தே தோன்றும் தலைசுற்றலும் ஒன்று உண்டு. கழுத்தின் மேற்பகுதி மூட்டுகளிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்திகள் பிறழும்போது, கழுத்துவலியோடு கூடிய ஒருவித மிதப்புணர்ச்சி உண்டாகிறது. மற்றக் காரணங்கள் எல்லாம் இல்லை என்று தெளிந்தபின் மட்டுமே இதை நிச்சயிக்கமுடியும். இத்தகையோருக்கு மென்மையான கைச்சிகிச்சையும் கழுத்துப் பயிற்சிகளும் ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரே செய்யலாம், வெடுக்கென்ற திருகல் இன்றியே செய்யலாம். எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிந்துவிட்டது என்பதற்காகத் தலைசுற்றலின் பழியைக் கழுத்தின்மேல் சுமத்துவதும் தகாது; ஏனெனில், அறுபதைக் கடந்தவர்களைப் படமெடுத்தால், கிறுகிறுப்பு உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றிப் பெரும்பாலோருடைய கழுத்தெலும்பிலும் தேய்மானம் காணப்படும்.

அபாயத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாகவே மேலேறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருகும்போது, அபூர்வமாக, அத்தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதம் நேரக்கூடும். கிழிந்த தமனியே கழுத்துவலியையும் தலைசுற்றலையும் உண்டாக்கி, அதற்காகவே ஒருவர் கழுத்துச் சிகிச்சைக்குப் போகவும் கூடும். அந்நிலையில் திருகல் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்ததாகிவிடும். எலும்பு மெலிந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும், முடக்குவாதத்தினால் கழுத்தின் மேல்மூட்டு தளர்ந்தவர்களுக்கும் தீங்கின் சாத்தியம் அதிகம். அபூர்வம்தானே என்று தள்ளிவிடலாமா என்றால், பெறப்போகும் பிரயோஜனம் நிரூபணமாகாத இடத்தில் அபூர்வமான அபாயத்தையும் ஏற்பதற்கு நியாயமில்லை என்பதே என் அபிப்பிராயம். இந்தியாவில் இத்தொழிலுக்கென்று தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லாமையால், கழுத்தைப் பிடிப்பவர் என்ன படித்தவர் என்பதை நாமே விசாரித்தறிய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், வாய் கோணல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், இரட்டையாகத் தெரிதல், விழுங்க முடியாமை, நிற்கவே முடியாத தள்ளாட்டம், திடீரென்று ஒரு காது கேளாமை, இதுவரை கண்டிராத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி இவற்றுள் ஒன்று சேர்ந்துவந்தாலும், எலுமிச்சம்பழத்தைத் தேடாமல், சுளுக்கு வழிப்பவரிடம் போகாமல், 108 ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும்.

மூன்றாவது வகையான நடைத் தள்ளாட்டத்துக்கு மருந்தைவிடப் பயிற்சியே சிறந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் தலையில் காயமுற்ற சிப்பாய்களுக்காக காத்தார்ன், குக்ஸி என்ற ஆங்கில மருத்துவர் இருவர் வகுத்த கண், தலை, உடல் அசைவுப் பயிற்சிகளே இன்றைய சமநிலைப் பயிற்சிகளுக்கு அடிப்படை. ஒருவருடைய நிலையை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்காரச் சொல்லுங்கள்; பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். 12 விநாடிக்கு மேல் ஆகுமானால் விழும் அபாயம் உண்டு என்று கொள்ளலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்தல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்றல், நீட்டிய கட்டைவிரலில் பார்வையைப் பதித்துத் தலையை இடமும் வலமும் அசைத்தல் ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் கற்பித்தபடி நாள்தோறும் செய்துவந்தால் சில வாரங்களில் நடை உறுதிப்படும்.

வீட்டையும் பார்க்கவேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிடுவோர் அவர்களிலிருந்தே வருகிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் உயரமான வாசற்படியும், வழுக்கும் டைல்ஸ் பதித்த குளியலறையும், புறக்கடையில் இருக்கும் கழிப்பறையும், இருட்டோடு எழுந்து பால் கறக்கப் போகும் கட்டுத்தரைச் சேறும், தாழ்ந்து தொய்ந்த கயிற்றுக் கட்டிலுமே விழுவதற்கு நாள்தோறும் ஏதுவாகின்றன. இரவு முழுதும் எரியும் ஒரு சிறு விளக்கு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, பாதத்துக்குப் பொருந்தும் செருப்பு, கையில் ஒரு தடி ஆகிய இவற்றுக்கு ஆகும் செலவு அற்பமே.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்களே இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. 2024இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மையமும் திறக்கப்பட்டது. ஆனால் சங்ககிரியிலோ சேந்தமங்கலத்திலோ உள்ள பாட்டி கிண்டி வரை போகவேண்டிய தேவையில்லை. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளோடு, பிசியோதெரபி சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. இவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

ஆகவே, பெற்றோரைப் பேணும் பிள்ளைகளுக்கு நான் விடுக்கும் விண்ணப்பம் இதுவே: ‘வயதாகிவிட்டால் அப்படித்தான்’ என்று சொல்லி அவர்களுடைய கிறுகிறுப்பைப் புறக்கணிக்காதீர்கள், அவசரப்பட்டு அவர்களுடைய கழுத்தை எவர் கையிலும் ஒப்படைக்கவும் செய்யாதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச்சென்று, ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டிலில் படுக்கவைத்துச் செய்யும் செவிப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். கண் பார்வையையும் பாத உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்நான்கையும் செய்து முடிக்க ஒரு முற்பகல் போதும்.